கெற்றர், செற்றர் இரண்டும் திறந்திருந்தால் மாறியைப் பூட்டி என்ன பயன்?

கேள்வி: 2024 ஒக்டோபர் 27

களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். டிப்ளோமா இரண்டாம் வருடம். ஜாவா என்ற நிரல்மொழிப் பாடத்தில் எந்த கிளாஸ் (தரவையும் அதன் வேலைகளையும் சேர்த்த அச்சு) எழுதினாலும், மதிப்பு வைக்கிற மாறிகளை எல்லாம் வெளியே தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பை எடுத்துத் தர ஒரு கெற்றர், மாற்றி வைக்க ஒரு செற்றர் எழுதச் சொல்கிறார்கள். எழுதாவிட்டால் புள்ளி வெட்டு. பிரைவேட் என்று பூட்டிவிட்டு, பக்கத்திலேயே எடுக்க ஒரு கதவு, வைக்க ஒரு கதவு என்று திறந்துவிட்டால் பூட்டினது எதற்கு? யாரும் தொடலாம் என்று நேராக பப்ளிக் போட்டால் என்ன குறைந்துவிடும்? 'என்காப்சுலேஷன்' (உள்ளே இருப்பதை மூடி வைப்பது) என்று ஒரே சொல்லில் பதில் தர வேண்டாம். அந்தச் சொல்லை ஏற்கனவே பாடமாக்கி வைத்திருக்கிறேன்.

2024 ஒக்டோபர் 27, இரவு

தம்பி, நீங்கள் சொல்வது சரிதான். இரண்டு கதவையும் எந்த நிபந்தனையும் இல்லாமல் திறந்துவிட்டால் பூட்டு வெறும் அலங்காரம். பத்து மாறிக்கு இருபது மெதட் (பெயர் சொல்லி அழைக்கிற செயல்), அறுபது வரி, அத்தனையும் செய்வது ஒன்றுமில்லை.

ஆனாலும் ஜாவாக்காரர்கள் எழுதுகிறார்கள் என்றால் அதற்கொரு பயம் காரணம். நாளைக்கு எழுதுகிறேன், இப்போது கரண்ட் வந்து வந்து போகிறது.

2024 ஒக்டோபர் 28, காலை

பயம் இதுதான். ரசீது என்று ஒரு கிளாஸ், அதில் இடை (எடை) என்று ஒரு மாறி. பப்ளிக் என்று விட்டுவிட்டீர்கள். வெளியே இருநூறு இடத்தில் ரசீது, புள்ளி, இடை, சமன் என்று நேராக எழுதியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, இடை பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு தடை போட வேண்டியிருக்கிறது. ஜாவாவில் மாறியைத் தொடும்போது நடுவில் புகுந்து பார்க்க வழியே இல்லை. மெதட் ஆக்க வேண்டும், ஆக்கினால் இருநூறு இடத்தையும் திருத்த வேண்டும். அந்தச் சள்ளைக்குப் பயந்து முதல் நாளே மெதட் எழுதி வைத்துவிடுகிறார்கள். காப்புறுதி கட்டுகிற மாதிரி.

பைதனில் இந்தப் பயம் தேவையில்லை. சும்மா மாறியாக விடலாம். பிறகு தடை வேண்டும் என்றால் மேலே ப்ரொப்பர்ட்டி என்று ஒரு அலங்கார வரி போட்டு மெதட் ஆக்கலாம். வெளியே இருநூறு இடமும் அப்படியே ஓடும். சீ ஷார்ப் இரண்டுக்கும் நடுவில்: எழுதிய வரி பெரும்பாலும் மாறாது, ஆனால் ஏற்கனவே கம்பைல் பண்ணிக் (கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிக்) கொடுத்த மற்ற புரோகிராம்களைத் திரும்பக் கம்பைல் பண்ண வேண்டும். அதனால் அங்கே முதலிலிருந்தே ப்ரொப்பர்ட்டியாக (வெளியே பார்த்தால் மாறி, உள்ளே கெற்றர் செற்றர்) எழுதுவது வழக்கம், அதற்கு ஒரு வரிதான் செலவு.

ஆகவே "எல்லாவற்றுக்கும் கெற்றர் செற்றர்" என்பது ஒரு மொழியின் பயம். அதை எல்லா மொழிக்கும் கொண்டுபோய்ப் பூசிவிட்டோம். பைதனில் கெட் இடை, செட் இடை என்று அடைப்புக்குறியும் போட்டு எழுதுகிற பிள்ளைகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

இன்னொன்று. கெட், செட் என்று பெயர் வைக்கும் பழக்கம் உறுதியானது ஜாவாபீன்ஸ் என்ற விதிமுறையால். அதன் 1.01 ஆம் பதிப்பு 1997 இல் வந்தது. பட்டனை இழுத்துத் திரையில் வைத்து நிறம் மாற்றுகிற கருவிகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அந்தப் பட்டனில் என்னென்ன மாற்றலாம் என்று தெரிய வேண்டும். மெதட் பெயர்களைப் பார்க்கும். கெட், செட் என்று சோடியாக இருந்தால் அது ஒரு ப்ரொப்பர்ட்டி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு கருவியின் கண்ணுக்காக வைத்த பெயர், பாடப்புத்தகத்தில் ஒழுக்கமாகிவிட்டது.

2024 ஒக்டோபர் 28, பகல்

தம்பி இல்லையாம், தங்கச்சியாம். மன்னிக்க வேண்டும். வந்த மதிப்பைச் சரிபார்க்காமல் நேராக உள்ளே போட்டால் இப்படித்தான்.

2024 ஒக்டோபர் 29

கெட்டர் செட்டர் என்று எழுதாமல் ஏன் கெற்றர் செற்றர் என்று ஒருவர் கேட்கிறார். எங்கள் பக்கம் மீற்றர், லீற்றர் என்று எழுதிப் பழகிய கை. அத்தோடு கெட்டர் என்றால் குடி கெட்டவர் போலவும், செட்டர் என்றால் நகைக்கடைச் செட்டியார் போலவும் எனக்குக் கேட்கிறது.

ப்ரொப்பர்ட்டியைத் தமிழில் 'ஆதனம்' என்று ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். வாசித்ததும் மாநகர சபையின் ஆதன வரித் துண்டு கண்முன் வந்தது. முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால் அவ்வளவு மோசமில்லை. பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி) இருக்கிறதே: உள்ளே குடியிருக்கலாம், விதைக்கலாம், பார்க்கிறவர் பார்க்கலாம். நினைத்தபடி விற்கவோ பெயர் மாற்றவோ முடியாது, அதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். கெற்றர் பப்ளிக், செற்றர் பிரைவேட் என்று நாம் எழுதுவது அந்தக் காணிதான். உறுதிக் காணி (முழுச் சொந்தக் காணி) மாதிரி எல்லாம் திறந்துவிட வேண்டிய மாறி எத்தனை இருக்கிறது என்று உங்கள் கிளாஸை ஒருதரம் எண்ணிப் பாருங்கள், தங்கச்சி.

2024 ஒக்டோபர் 31, தீபாவளி

முறுக்கு ஒரு கையில். இன்று வேலை இல்லை என்பதால் என் மானம் போன கதையைச் சொல்கிறேன்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவுக்கு ஒரு புரோகிராம் செய்து கொடுத்தேன், சீ ஷார்ப்பில். உழவு மெஷினில் நெல் மூடை வரும், தராசில் ஏறும், ஈரம் பார்க்கும் மீற்றரில் ஒரு பிடி போட்டுப் பார்ப்பார்கள். 14 சதவீதத்துக்கு மேலே ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீரின் எடையைக் கழித்துத்தான் காசு. ஈரம் 18 என்றால் 1,000 கிலோவில் காய்ந்த பொருள் 820. அது 14 சதவீத ஈரத்தோடு இருந்தால் எவ்வளவு நிற்கும்? 82 ஆல் பெருக்கி 86 ஆல் பிரித்தால் 953 கிலோ 490 கிராம். கணக்கு சரி.

நான் கெட்டிக்காரன் என்று நினைத்து என்ன செய்தேன் என்றால், ஈரம் என்ற ப்ரொப்பர்ட்டியின் செற்றருக்குள்ளேயே இந்தக் கழிவைப் போட்டேன். ஈரத்தை வைத்த உடனே இடை தானாகக் குறையும். அழகு! செயலாளர் கட்டத்தில் 18 என்று அடிப்பார், பக்கத்தில் 953 என்று வந்து நிற்கும். எல்லோரும் பாராட்டினார்கள்.

கட்டத்தை விட்டு நகரும்போதெல்லாம் செற்றரை அழைக்கும்படியும் நானே எழுதியிருந்தேன். கணக்குப் பார்க்கிற காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) ஒரு பழக்கம். ரசீது அடிக்க முன்னம் டப் விசையைத் தட்டித் தட்டி எல்லாக் கட்டத்தையும் ஒருதரம் சுற்றிப் பார்ப்பார், கவனமான மனிதர். அவர் ஒருதரம் சுற்றினால் ஈரம் இன்னொருதரம் 18 ஆகிறது. ஏற்கனவே கழித்த 953 இலிருந்து திரும்பவும் கழிகிறது. 909 கிலோ 140. இன்னொருதரம் சுற்றினால் 866 சொச்சம்.

கவனமாக இருப்பவரின் கையில்தான் அதிகம் கழிந்தது, அதுதான் கொடுமை. அவசரக்காரப் பையன் அடித்த ரசீதெல்லாம் சரி.

ஒரு போடியார் (பெரிய வயல்காரர்) சொந்தத் தராசில் நிறுத்துக்கொண்டு வந்தவர். ரசீதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நெல்லை எலி தின்னும், குருவி தின்னும். இதென்ன மனே, கொம்பியூட்டரும் தின்னுமா?"

2024 நவம்பர் 1

நேற்றையதில் ஒரு திருத்தம். "கணக்கு சரி" என்று எழுதினேன். கணக்கு சரி, ஆனால் எல்லா ஆலையும் இப்படிக் கழிப்பதில்லை; சிலர் மூடைக்கு இத்தனை கிலோ என்று வெட்டுவார்கள். அது அவரவர் வழக்கு.

திருத்தியது எப்படி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நிறுத்த இடை ஒரு மாறி, அளந்த ஈரம் ஒரு மாறி. இரண்டும் பச்சை உண்மை, யாரும் அதை மாற்றிக் கணக்குப் பார்ப்பதில்லை. நிகர இடை என்பது மாறியே இல்லை, வெறும் கெற்றர். கேட்கும்போது இரண்டையும் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லும். காக்கா நூறுதரம் சுற்றினாலும் 953 தான். வெளியே இருப்பவருக்கு அது உள்ளே கிடந்த எண்ணா, அந்த நிமிடம் போட்ட கணக்கா என்று தெரியவே வேண்டியதில்லை. ஐஃபல் மொழியைச் செய்த பெர்ட்ராண்ட் மேயர் இதைத்தான் சீரான அணுகல் என்ற பொருளில் ஒரு கொள்கையாக வைத்தார்.

செற்றரை ஒரே மதிப்போடு இரண்டுதரம் அழைத்தால் ஒருதரம் அழைத்த மாதிரியே இருக்க வேண்டும். இதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. போடியார் சொல்லித் தந்தார்.

2024 நவம்பர் 3

செற்றரை ஒரேயடியாகத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். என்னைக் காப்பாற்றியதும் ஒன்று உண்டு.

2014 இல் ஒரு கடன் சங்கத்துக்கு ஜாவாவில் அங்கத்தவர் பதிவு செய்து கொடுத்தேன். அடையாள அட்டை இலக்கம் வைக்கிற செற்றரில் சரிபார்ப்பு வைத்திருந்தேன்: பத்து எழுத்து, முதல் ஒன்பதும் இலக்கம், கடைசி வீ அல்லது எக்ஸ். 2016 இல் 12 இலக்க அட்டை வந்தது. புதிதாக அட்டை எடுத்த பிள்ளைகள் கணக்குத் திறக்க வரத் தொடங்கியதும் புரோகிராம் "பிழை" என்று சிவப்புக் காட்டியது. நான் ஒரே ஒரு இடத்தில், அந்தச் செற்றருக்குள், 12 இலக்கமும் சரி என்று ஒரு வரி சேர்த்தேன். ஐந்து நிமிடம். பப்ளிக் மாறியாக விட்டிருந்தால் ஏழெட்டுத் திரையில் தேடித் திரிந்திருப்பேன்.

2024 நவம்பர் 5

முந்தநாள் பெருமை அடித்தது பாதிக் கதை. அந்தக் காலத்தில் கூட வேலை செய்த ஒருவர் இதை வாசித்துவிட்டு "மிச்சத்தையும் எழுது மச்சான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

சரி, மிச்சம். செற்றரின் வாசலை 12 க்கு அகலமாக்கினேன். உள்ளே தரவுத்தளத்தில் அந்த நிரலின் (கொலம்) அகலம் 10 எழுத்துத்தான். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள், பழைய பதிப்பு. இப்போது என்றால் பிழை சொல்லும், 5.7 இலிருந்து அந்தக் கண்டிப்பு இயல்பாகவே வருகிறது. அன்றைக்கு அது சத்தமில்லாமல் கடைசி இரண்டு இலக்கத்தையும் வெட்டிவிட்டு உள்ளே போட்டது. அந்த இரண்டையும் தேடி அட்டைப் பிரதிகளைப் பார்த்துத் திரும்ப அடித்தோம், இரண்டு சனிக்கிழமை. தேநீர்ச் செலவு என்னுடையது.

2024 நவம்பர் 6

அடையாள அட்டையைத் தொட்டதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிறந்த திகதியை நாங்கள் தனியாகக் கேட்பதில்லை, அட்டை இலக்கத்திலேயே இருக்கிறதே. கெற்றர் எழுதினால் போதும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் வருடம், அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள், பெண் என்றால் 500 கூட்டியிருக்கும். புதியதில் வருடம் நான்கு இலக்கம், நாளுக்கு அதே மூன்று.

ஜாவாவில் வருடத்தையும் நாள் எண்ணையும் கொடுத்தால் திகதியைத் தரும் மெதட் இருக்கிறது. அதையே போட்டேன். பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் சிலருக்குச் சரியாகப் போனது, பலருக்கு ஒரு நாள் பிந்திப் போனது. ஏன் என்றால் அட்டையில் எல்லா வருடத்துக்கும் பெப்ரவரி 29 இருப்பதாக வைத்து எண்ணுகிறார்கள். மார்ச் 1 எப்போதும் 61 ஆம் நாள். 1993 இல் ஜாவா எண்ணினால் 61 என்பது மார்ச் 2. நெட்டாண்டு அல்லாத வருடத்தில், பெப்ரவரிக்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் தள்ளும். நான் ஜனவரிக்காரன், என் இலக்கத்தை மட்டும் போட்டுச் சோதித்திருந்தேன்.

கணக்கு கெற்றருக்குள் இருந்ததால் திருத்தம் ஒரே இடத்தில். இந்தத் தடவை மறைத்த கதை எதுவும் இல்லை.

2024 நவம்பர் 10

மூன்றாம் திகதி எழுதியதைத் திரும்ப வாசித்தேன். செற்றருக்குள் சரிபார்ப்பு வைப்பது நல்லது என்ற மாதிரி இருக்கிறது. முழுக்க உடன்பாடில்லை இப்போது. ஒரு வருடம் கழித்து நடந்ததை மறந்தே போனேன்.

தரவுத்தளத்துக்கும் ஜாவாவுக்கும் நடுவில் தரவைக் கொண்டுபோய் வருகிற ஹைபர்நேட் என்ற நூலகம் பாவித்தோம். எது எந்தக் கொலம் என்று அதற்குச் சொல்லும் அடையாளக் குறிகளை கெற்றருக்கு மேலே போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் தரவுத்தளத்திலிருந்து ஒரு வரிசையை எடுக்கும்போதும் அது செற்றர் வழியாகத்தான் உள்ளே வைக்கும். ஒரு நாள் சரிபார்ப்பை இன்னும் இறுக்கினேன், சின்ன வீ கூடாது என்று. மறுநாள் காலை அங்கத்தவர் பட்டியலே திறக்கவில்லை. பழைய பதிவுகளில் சின்ன வீ ஏராளம். புதிதாக வருகிறவரை மறிக்க வைத்த காவல்காரன், வீட்டுக்குள் இருபது வருடம் இருந்த கிழவரையும் "அட்டை காட்டு" என்று வெளியே நிறுத்திவிட்டான்.

குறிகளை மாறிக்கு மேலே மாற்றிப் போட்டதும் ஹைபர்நேட் செற்றரைத் தொடாமல் நேராக உள்ளே வைத்தது. பட்டியல் வந்தது.

2024 நவம்பர் 11

ஒரு செற்றரால் முடியாத காரியமும் உண்டு. பெரும்போகத்தின் தொடக்கம், முடிவு என்று இரண்டு திகதி. தொடக்கம் முடிவுக்குப் பிந்தக்கூடாது என்று இரண்டு செற்றரிலும் தடை வைத்தேன். நல்ல தடைதான். போன வருடத்துப் போகத்தை எடுத்து இந்த வருடத்துக்கு நகர்த்தினால், தொடக்கத்தை முதலில் வைத்த உடனே அது பழைய முடிவைத் தாண்டிவிடும், தடை விழும். முடிவை முதலில் வைக்க வேண்டும். பின்னோக்கி நகர்த்தினால் இதற்கு நேர்மாறு. எதை முதலில் அழைப்பது என்று அழைக்கிறவர் யோசிக்க வேண்டி வந்தால் அந்தச் சோடிச் செற்றரை எறிந்துவிட்டு, இரண்டு திகதியையும் ஒன்றாக வாங்குகிற ஒரே மெதட் எழுதுவது மேல்.

2024 நவம்பர் 17

செற்றரைப் பற்றியே புலம்புகிறேன், கெற்றர் ஒன்றும் சாதுவல்ல என்று கல்முனையிலிருந்து ஒருவர். உண்மை. கெற்றரை எல்லோரும் மாறி என்று நினைத்துத் தொடுகிறார்கள், அதனால்தான் அது ஆபத்து. மெதட் என்றால் கொஞ்சமாவது தயங்குவார்கள்.

ரசீதின் அடுத்த இலக்கத்தைத் தரும் கெற்றர் ஒன்றை ஒருதரம் எழுதினேன். கேட்டால் ஒன்றைக் கூட்டித் தரும். ஓடும்போது பிரச்சினை இல்லை. பிழை தேட டீபக்கரில் நிறுத்தி வைத்தால் மட்டும் இலக்கம் தாவித் தாவிப் போகிறது. ஒரு முழு நாள் பேய்க்கதை. டீபக்கர் நான் பார்ப்பதற்காகக் கெற்றர்களைத் தானே அழைத்து மதிப்பைக் காட்டுகிறது, அழைக்கும்போது ஒன்று கூடுகிறது. பார்த்தாலே மாறுகிற சாமான்.

நிலுவை என்ற கெற்றர் தரவுத்தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரும். ஒருவருக்குப் பரவாயில்லை. நானூறு விவசாயியின் பட்டியலைத் திறந்தால், பட்டியலுக்கு ஒரு பயணம், பிறகு ஆளுக்கு ஒரு பயணமாக நானூறு. டொங்கிள் இணையத்தில் அதற்குள் கல்லடிப் பாலத்துக்கு நடந்துபோய் வந்துவிடலாம்.

ஜாக்சன் என்ற ஜாவா நூலகம் ஜேசன் (புரோகிராம்கள் தங்களுக்குள் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) எழுதும்போது கெட் என்று தொடங்கும் பப்ளிக் மெதட்களை எல்லாம் ப்ரொப்பர்ட்டி என்று எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சொன்னேனே, கருவியின் கண்ணுக்கு வைத்த பெயர் என்று. உள்வீட்டு அறிக்கைக்காக கெட் இலாபம் என்று ஒன்று எழுதினேன். அது வாடிக்கையாளரின் போன் செயலிக்குப் போகிற ஜேசனிலும் ஏறிவிட்டது. திரையில் காட்டவில்லை, ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு முதலாளியின் இலாபம் ரூபா சதமாக அங்கே கிடந்தது. நல்லவேளை, முதலில் பார்த்தவன் நான்.

பட்டியலைத் திருப்பித் தரும் கெற்றரையும் சொல்லிவிடுகிறேன். செற்றர் இல்லை, பூட்டியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பீர்கள். வெளியே இருப்பவர் அந்தப் பட்டியலை வாங்கி அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுவார். உங்கள் மொத்தத்துக்குத் தெரியாது. பிரதி எடுத்துக் கொடுங்கள், அல்லது மாற்ற முடியாத உறையில் போட்டுக் கொடுங்கள்.

2024 நவம்பர் 23

நேற்று முன்தினம் பிஎச்பி என்ற மொழியின் 8.4 ஆம் பதிப்பு வந்தது. ப்ரொப்பர்ட்டிக்கே கெட், செட் கொக்கி மாட்டலாம் இனி. வாசிக்க எல்லோருக்கும் திறந்து, வைக்க மட்டும் பூட்டலாம் என்பதும் இதே பதிப்பில். பெர்மிட் காணி பிஎச்பிக்கும் கிடைத்துவிட்டது.

எவ்வளவு காலம் எடுத்திருக்கிறது பாருங்கள். விசுவல் பேசிக்கிலும் டெல்ஃபியிலும் 1995 இலேயே இது இருந்தது. டெல்ஃபியைச் செய்தவர்களில் முக்கியமான அன்டர்ஸ் ஹைல்ஸ்பர்க்தான் பிறகு சீ ஷார்ப்பையும் வடிவமைத்தார், ப்ரொப்பர்ட்டியும் கூடவே வந்தது. ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் ஏறியது 2009. ஜாவாவில் இன்னும் இல்லை. 2021 இல் ஜாவா 16 இல் ரெக்கோர்ட் (உள்ளே வைத்த மாறிகளைப் பிறகு மாற்ற முடியாத ஒரு வகைக் கிளாஸ்) நிலைபெற்றது. அதில் கெட் என்ற முன்னொட்டும் கிடையாது, செற்றரும் கிடையாது. ஜாவாவே கைவிட்ட பழக்கத்துக்கு நம் பிள்ளைகளுக்குப் புள்ளி வெட்டுகிறோம்.

கடைசி வரி கொஞ்சம் கோபத்தில் எழுதியது. அழிக்கவில்லை. கைவிட்டது என்பது மிகை, ரெக்கோர்ட் எல்லா வேலைக்கும் ஆகாது.

2024 நவம்பர் 30

வெள்ளம். நான்கு நாள் கரண்ட் இல்லை, போன் சார்ஜ் பண்ணக் கோயில் ஜெனரேட்டர். உயர்தரப் பரீட்சையையும் நடுவில் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பத்திரமா?

இருட்டில் இருந்து வானொலி கேட்டால் குளங்களின் வான்கதவுச் செய்திதான். இத்தனை கதவு, இத்தனை அடி திறந்திருக்கிறது, தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனம். கேட்டுக்கொண்டே இருந்தபோது ஒன்று பட்டது. குளத்தின் நீர்மட்டத்தை யாரும் போய் வாசிக்கலாம், அளவுகோல் நட்டிருக்கிறது. ஆனால் நீர்மட்டத்தை இத்தனை அடியாக வை என்று யாராலும் சொல்ல முடியாது. மழை பெய்யும், கதவு திறக்கும், வாய்க்காலில் தண்ணீர் போகும். மட்டம் என்பது அதெல்லாம் நடந்த பிறகு வந்து நிற்கிற எண். குளத்துக்கு நீர்மட்டச் செற்றர் கிடையாது.

வயலுக்கும் அப்படித்தான். வட்டைவிதானையார் இன்றைக்கு இந்தக் கண்டத்துக்குத் தண்ணீர் என்று மடையைத் திறப்பார். உன் வயலின் ஈரத்தைத் தன் கையால் எழுதி வைக்கமாட்டார்.

ஆலைப் புரோகிராமில் நான் செய்தது அத்தனையும் நீர்மட்டத்தைக் கையால் எழுதி வைக்கிற வேலை. இடையை வை, ஈரத்தை வை, விலையை வை, நிலையை 'முடிந்தது' என்று வை. தராசில் ஏற்றினார்கள், ஈரம் பார்த்தார்கள், விலை பேசினார்கள், காசு கொடுத்தார்கள் என்பதுதான் அங்கே நடக்கிறது. ஒரு மெதட்டுக்கும் அந்தப் பெயர் இல்லை.

2024 டிசம்பர் 1

கரண்ட் வந்துவிட்டது. நேற்று எழுதியது மெழுகுதிரி வெளிச்சத்து ஞானம். ஒரு விதிவிலக்கு: விலாசம், தொலைபேசி இலக்கம் மாதிரியானவற்றில் நடக்கிற காரியமே "மாற்றி எழுதுவது"தான். அங்கே செற்றர் சரி. அதற்குக் "குடிபெயர்ந்தார்" என்று மெதட் எழுதப் போனால் எழுத்துப்பிழை திருத்தவும் ஆளைக் குடிபெயர்க்க வேண்டும்.

2024 டிசம்பர் 8

தங்கச்சி தன் பயிற்சியை அனுப்பியிருக்கிறா. பைதனில். மாறிப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறா, பைதன் 3 அதை ஏற்கும். வாசிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் ஓட்டினால் விழுகிறது.

இடை என்ற செற்றருக்குள் செல்ஃப், புள்ளி, இடை, சமன், மதிப்பு என்று எழுதியிருக்கிறா. அந்த வரியே செற்றரை அழைக்கிறது. அது திரும்பத் தன்னை அழைக்கிறது. ஆயிரம் ஆழம் போனதும் பைதன் கையை விரிக்கிறது. உள்ளே வைக்கும் மாறிக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போட்டு வேறு பெயர் ஆக்க வேண்டும், கெற்றரிலும் அதையே. இதைச் செய்யாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. நான் சீ ஷார்ப்பில் செய்தேன், அங்கே பிழையைப் பிடித்து நிறுத்தவும் முடியாது, புரோகிராம் முழுக்கச் செத்துவிடும். வெறும் வை, எடு என்றால் கெட், செட் என்று ஒரே வரியில் விட்டுவிடலாம், 2007 இல் வந்த சீ ஷார்ப் 3 இலிருந்து அந்த வசதி இருக்கிறது. அப்போது இந்தக் குழியே இல்லை.

பரீட்சைக்கு என்ன எழுதுவது என்று கேட்கிறா. எல்லாவற்றுக்கும் கெற்றர் செற்றர் எழுதிப் புள்ளியை வாங்குங்கள். அதில் சண்டை வேண்டாம்.

2024 டிசம்பர் 21

ஆலைப் புரோகிராமைப் பிரித்து எழுதி முடித்தேன். மாசி அறுவடைக்கு முன்னம் முடிக்க வேண்டும் என்று ஒரு அவசரம். ரசீது கிளாஸில் பதினொரு செற்றர் இருந்தது, ஒன்றும் இல்லை இப்போது. தராசில்ஏற்று, ஈரம்பார், விலைபேசு, காசுகொடு. ஈரம் பார்க்க முன்னம் காசு கொடுக்கப் போனால் அதுவே மறுக்கும்.

கொண்டுபோய்க் காட்டினேன். காக்கா எல்லாவற்றையும் டப் தட்டிச் சுற்றிப் பார்த்தார். 953. திரும்பச் சுற்றினார். 953. தலையாட்டிவிட்டு, "மீற்றரை ஆள் பிழையாக வாசித்தால் ஈரத்தை எப்படி மாத்துற?" என்றார்.

யோசிக்கவில்லை நான். அவர் சொல்வது நியாயம், ஆள் வாசிக்கிற இடத்தில் பிழை வரும். பதினொன்றில் ஒன்று திரும்ப வருகிறது. ஆனால் செற்றராக விட மனமில்லை. ஈரம்திருத்து என்று ஒரு மெதட். புது அளவோடு காரணமும் கொடுக்க வேண்டும், வெறுமையாக விட்டால் ஏற்காது. பழைய அளவு, புது அளவு, திருத்தியவர், நேரம் எல்லாம் பதிவாகும். நாளைக்கு ஒரு போடியார் வந்து கேட்டால் காட்ட ஒரு கணக்கு இருக்கும். இதுதான் சரியான வழி என்று காக்காவுக்கு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.

2024 டிசம்பர் 29

ஒரு கிழமைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது திருத்தம். காரணம் என்ற கட்டத்தில் இரண்டு இடத்தில் "மீற்றர் பிழை". ஏழு இடத்தில் "சும்மா".